தண்ணி ஊசி

பெரியம்மா,

இன்று காலை கம்பம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள், ஜீப்புக்காகக் காத்திருந்தாள். தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி, சேலைக்கு மேலே முழுக்கை ஆம்பளைச் சட்டை. அந்தச் சட்டையிலிருந்து ஈரமான ஏலச்செடியின் வாடை வந்தது. எத்தனை முறை துவைத்தாலும் போகாத வாடை. நான் வேலைக்குப் போக வேண்டிய பஸ் வந்து நின்று கிளம்பிப் போன பிறகுதான் நான் அதில் ஏறவில்லை என்பதே எனக்கு உறைத்தது.

நீங்களும் அப்படி ஒரு சட்டையோடுதான் வந்தீர்கள். ஆஸ்பத்திரி கவுன் மாட்டிவிட்ட பிறகும் அதைக் கொடுத்தனுப்ப மாட்டேன் என்று கட்டில் கம்பியில் தொங்கவிட்டுக்கொண்டீர்கள். கம்பம்மெட்டு வழியாக வருடக்கணக்கில் பெண்களை ஜீப்பில் ஏற்றிக் கேரள மலைக்குக் கூட்டிப்போன கங்காணி நீங்கள். பேச்சில் பாதி மலையாளம், பாதி வசவு. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், மாதா கோவிலைச் சுற்றி வீடுகள் நிற்கும் ஒரு சிறிய ஊர் உங்களுடையது. கர்ப்பப்பையில் புற்று. மதுரையில் கரண்ட் வைக்கிற கதிர் சிகிச்சை கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி வலிக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வலி தாங்க முடியாமல் போகும்போதெல்லாம் உங்கள் மகள் ஸ்டெல்லா தேனிக்குக் கூட்டிவந்து எங்கள் தனியார் மருத்துவமனையில் சேர்ப்பாள்.

நர்சிங் படிப்பு முடித்து நான் அங்கே சேர்ந்து அரை வருடம்கூட ஆகவில்லை. முதல் நாள் நாடி பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கேட்டீர்கள்.

"எந்தூரு புள்ள?"

"வடுகபட்டிம்மா."

"அதான பாத்தேன், பூண்டு வாடையா வருதுன்னு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பூண்டுச் சந்தை ஊர் என்பதால் எங்கள் ஊர்க்காரர்களிடம் எல்லோரும் சொல்கிற கேலிதான், ஆனாலும் புது யூனிபார்மில் நின்றபோது அது சுருக்கென்றது. நீங்கள் சிரித்தீர்கள். "என் மேல ஏலக்கா வாடை, ஒன் மேல பூண்டு வாடை. ரெண்டு பேரும் சேந்தா கொழம்பு வச்சுரலாம்ல" என்றீர்கள். என் பெயரை நீங்கள் கடைசிவரை கேட்கவே இல்லை. "ஏ வடுகபட்டி!" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவீர்கள். நான் அம்மா என்று சொன்னது உங்களுக்குப் பிடிக்கவில்லை. "அம்மான்னு கூப்புட எனக்கு ஒருத்தி இருக்கா. அவ ஒருத்தியே போதும். நீ பெரியம்மான்னு சொல்லு" என்றீர்கள்.

உங்களுக்குப் போட்டது பெத்தடின் ஊசி. கடுமையான வலிக்கான மருந்து, போதைக்கும் ஆகும் என்பதால் தனி அலமாரியில் பூட்டி வைத்திருப்போம். சாவி டியூட்டியில் இருக்கிற நர்சிடம் இருக்கும். எடுக்கிற ஒவ்வொரு குப்பிக்கும் கையெழுத்துப் போட வேண்டும், காலிக் குப்பியைத் திருப்பிக் காட்ட வேண்டும். இதையெல்லாம் நான் பரீட்சைக்குப் படித்தது போலவே நம்பிச் செய்தேன்.

டியூட்டி டாக்டரை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அவரைப் பிடிக்காதவர்கள் அங்கே யாருமில்லை. இளவயசு. யாரையும் அதட்டியதில்லை. எங்களை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். அவர் டியூட்டியில் இருக்கிற நாட்களில், "நீங்க அடுத்த பெட்டப் பாருங்க சிஸ்டர், அம்மாவுக்கு நானே போட்டுர்றேன்" என்று ஊசியையும் குப்பியையும் வாங்கிக்கொள்வார். உங்கள் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மலைக்கதை கேட்பார். ஒரு டாக்டர் இவ்வளவு இறங்கி வருகிறாரே என்று எனக்கு மரியாதையாக இருந்தது. விபத்துக் கேஸ் என்று அவசரமாக அலமாரிச் சாவி கேட்பார், கொடுப்பேன். டாக்டர் கேட்டால் கொடுக்கக்கூடாது என்று எந்தப் புது நர்சுக்குத் தோன்றும்?

சித்திரையில், வீரபாண்டித் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரத்தில் அலமாரியைச் சரிபார்த்தார்கள். பெத்தடின் குறைந்தது. ஒன்றிரண்டு அல்ல. குறைந்ததெல்லாம் சாவி என்னிடம் இருந்த நேரங்களில்.

அந்த வாரம் பூராவும் ஊரெல்லாம் மேளமாக இருந்தது. தீச்சட்டி எடுக்கிறவர்கள் மஞ்சள் சேலையோடு ரோட்டில் போனார்கள். பெரிய டாக்டரின் அறையில் நான் நின்றுகொண்டே இருந்தேன். மருத்துவமனை அவருடையது. அவருக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல். ஓரமாக ஹெட் சிஸ்டர். கேட்டதையே கேட்டார்கள். நானும் சொன்னதையே சொன்னேன். டாக்டர் சாவி கேட்டார், கொடுத்தேன். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமல், யாரையும் புண்படுத்தாத அதே குரலில், "எனக்கு ஞாபகம் இல்லையே சார்" என்றார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அதன் பிறகு ஹெட் சிஸ்டர் என்னைக் கட்டுப்போடும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "கையக் காட்டு" என்றார். இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொடையை. பிறகு கால்விரல் இடுக்கு. ஊசித் தடம் இருக்கிறதா என்று தேடினார். அவர் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளவில்லை. நோயாளியைத் தொடுவது போலத்தான் தொட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எதுவும் கிடைக்கவில்லை. "அப்ப வெளிய விக்கிறதுக்கா எடுத்த?" என்று கேட்டார். சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். பெரியம்மா, அன்று வந்த களைப்பு தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை. எலும்புக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடியும்வரை நர்ஸ் விடுதியை விட்டுப் போகக்கூடாது, முடிந்ததும் போலீசில் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வோம் என்றார்கள். போலீசுக்குப் போனால் நர்ஸ் பதிவும் போய்விடும் என்று வக்கீல் எனக்கு விளக்கினார், ஏதோ எனக்கு நல்லது சொல்வது போல.

எப்படியோ செய்தி எட்டி எங்கள் அப்பா வந்தார். திருவிழாக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் பெரியகுளத்திலிருந்து படியில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறார். பூண்டு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மருத்துவமனைக்குள் வரக் கூசி, சைக்கிள் ஸ்டாண்டிலேயே நின்றார்.

"நீ எடுத்தியாத்தா?" என்று கேட்டார்.

"எடுக்கலப்பா."

"சரி. அப்பச் சாப்புடு" என்று பரோட்டாப் பொட்டலத்தை நீட்டினார். நின்றபடியே சாப்பிட்டேன். அவர் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. நம்பிவிட்டாரா, கேட்கப் பயந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்து உங்களிடம் விசாரிப்பதென்று முடிவு செய்தார்கள். மருந்து யாருக்குப் போனதாக எழுதியிருக்கிறதோ அவரையே கேட்டுவிடலாம் என்றார் ஹெட் சிஸ்டர். கணக்கில் எழுதிய மருந்திலும் பாதியை மட்டும் நோயாளிக்குப் போட்டுவிட்டு மீதியை நான் ஒளித்திருப்பேன் என்பது வக்கீலின் கணக்கு. ஊசி போட்டும் வலி தீரவில்லை என்று உங்கள் வாயால் வந்துவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். உங்கள் கட்டிலைச் சுற்றிப் பெரிய டாக்டர், வக்கீல், ஹெட் சிஸ்டர். கால்மாட்டில் கேஸ் சீட்டைப் பிடித்துக்கொண்டு டியூட்டி டாக்டர். என்னை வாசலோரம் நிற்கச் சொன்னார்கள். ஸ்டெல்லா உங்கள் தலைமாட்டில் நின்று உங்கள் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்களை எதிர்த்து எதுவும் சொல்லிவிடாதே என்று விடிந்ததிலிருந்து உங்களிடம் அவள் கெஞ்சியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். தேனியில் அந்த மருந்து கிடைக்க உங்களுக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

"பயப்படாம உண்மையச் சொல்லுங்கம்மா" என்றார் வக்கீல். "ஊசி போட்டும் வலி கொறையாத நாள் உண்டா?"

நீங்கள் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னீர்கள்.

"உண்டு."

"ஒரு நாளா, பல நாளா?"

"பல நாளு."

வக்கீல் எழுதிக்கொண்டார். பெரிய டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். பேனாவை மூடினார்.

"என்ன சார், பேனாவ மூடுறீக?" என்றீர்கள். "அந்த நாளுல ஊசி போட்டது யாருன்னு கேக்கலயே?"

வக்கீல் திரும்பினார்.

"அந்தா வாசல்ல நிக்குதே அந்தப் புள்ள, அது போட்டா செத்த நேரத்துல கண்ணு சொருகிரும். இந்தத் தம்பி போட்டா விடிய விடிய முழிச்சுக் கெடப்பேன். தம்பி போட்டது தண்ணி."

ஸ்டெல்லா "அம்மா" என்றாள். பெரிய டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "வலியில என்ன பேசுறோம்னு தெரியாமப் பேசக்கூடாதும்மா" என்றார்.

"வலியிலதான் சார் பேசுறேன். வேற எதுல பேச?" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னீர்கள். "அந்தப் புள்ள கையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாகளாமே. வார்டு பூரா சொல்றாக. இந்தத் தம்பி கையவும் பாருங்க."

அப்போதுதான் எனக்கே தோன்றியது. அந்தச் சித்திரை வெயிலிலும் டியூட்டி டாக்டர் முழுக்கைச் சட்டை போட்டு, பொத்தானை மணிக்கட்டில் மாட்டியிருந்தார். எந்த நாளும் அப்படித்தான். சட்டையை மடிக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேஸ் சீட்டை உங்கள் கால்மாட்டில் மெதுவாக வைத்துவிட்டு அவர் வெளியே போனார். என்னைக் கடந்து போகும்போது, "சாரி சிஸ்டர்" என்று சொன்னது போல இருந்தது. எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

எல்லோரும் போன பிறகு உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன். நன்றி சொல்ல வேண்டியவள் கோபப்பட்டேன். அத்தனை நாளும் தெரிந்துகொண்டே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"குடிகாரன்கூட முப்பது வருசம் குடும்பம் நடத்துனவ நானு. நடுங்குற கையப் பாத்தா எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். "மொத நாளே கண்டுக்கிட்டேன். ஒருநாள் அந்தத் தம்பியவே கேட்டுப்புட்டேன். ஸ்டூல்ல உக்காந்து அழுதாக. நிறுத்திர்றேம்மா, நிறுத்திர்றேம்மான்னாக. எங்க வீட்டு ஆளும் இப்படித்தான் அழும். சரி, நிறுத்தட்டும்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"அப்ப இன்னைக்கி மட்டும் ஏன் சொன்னீங்க?"

"அவுக டாக்டரு. எங்கிட்டுப் போனாலும் பொழச்சுக்குவாக. நீ எங்க போவ?"

இதைச் சொல்லிவிட்டு, பெரிய காரியம் எதுவும் செய்யாதவர் போல, "அந்தத் தண்ணியக் குடு" என்று டம்ளரைக் காட்டினீர்கள்.

விசாரணை அப்படியே அமுங்கிவிட்டது. டாக்டர் சொந்தக் காரணம் என்று சொல்லி விலகினார். போலீஸ் வரவில்லை. என்னை மறுபடி டியூட்டியில் போட்டார்கள். யாரும் என்னிடம் தப்பு நடந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஹெட் சிஸ்டர் மட்டும் அதன் பிறகு என் கைகளைப் பார்க்க நேரும்போதெல்லாம் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். நான் ஜெயித்துவிட்டேன் என்று விடுதிப் பெண்கள் ஜிலேபி வாங்கினார்கள். எனக்குப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அந்த வாரக் கடைசியில் பெரிய டாக்டர் ஒரு முடிவு எடுத்தார். இனி இந்த மருந்தே நமக்கு வேண்டாம், வைத்திருந்தால்தானே வம்பு. அலமாரி காலியானது. உங்களுக்கு வேறு ஊசி எழுதினார்கள். அது தலைவலிக்காரனுக்கு ஆகும், உங்களுக்கு ஆகவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, மதுரைக்குக் கூட்டிப்போங்கள் என்று டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார்கள். இத்தனை தூரம் வண்டியில் குலுங்கிப் போகிற உடம்பு உங்களுக்கு இல்லை. வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

விடுமுறை கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ஊருக்கு வந்தேன். அந்த ஊசிக்காக எனக்குத் தெரிந்த எல்லா இடத்திலும் அலைந்து பார்த்தேன். மதுரையில் படித்த தோழிகள் மூலம் கேட்டேன். டாக்டர் சீட்டு வேண்டும், அனுமதி வேண்டும், நோயாளி நேரில் வர வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே ஒருமுறை அந்த மருந்தால் பெயர் அடிபட்டவள் வந்து கேட்கிறாளே என்று ஒருத்தி தயங்கியதும் எனக்குத் தெரிந்தது. கடைசியில் என் பையில் இருந்ததெல்லாம் சாதாரண மாத்திரைகள்தான். அவற்றை எடுத்து உங்கள் முன்னால் வைக்கக் கை வராது.

ஒருநாள் ஸ்டெல்லா சொன்னாள், அந்த டாக்டர் வந்தாராம். "வாசல்ல நின்னாகக்கா. உள்ள வாங்கன்னேன். அம்மா கத்துனது கேட்டுருச்சு. அப்படியே திரும்பிப் போயிட்டாக." அதன் பிறகு அவர் எங்கே போனார், அந்தப் பழக்கத்திலிருந்து மீண்டாரா, எனக்குத் தெரியாது. அவரை வெறுக்க வேண்டும் என்று பலமுறை முயன்றிருக்கிறேன். அதற்கும் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு வந்த ஒரு ஞாயிறு. நீங்கள் கட்டிலில் முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொண்டு கிடந்தீர்கள். கையில் செபமாலை சுருண்டு கிடந்தது, செபிக்கிற நிலையில் நீங்கள் இல்லை. நான் வந்து நின்றதும் கண்ணைத் திறந்தீர்கள்.

"எதுக்குடி வந்த?" என்றீர்கள். "ஒன்னாலதான்டி இந்த வலி. அன்னைக்கி நான் வாய மூடிக்கிட்டுக் கெடந்துருந்தா பாதி நாளாவது தூங்கிருப்பேன். போடி. என் கண்ணு முன்னால நிக்காத."

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வலியில பேசுறாகக்கா, மனசுல வச்சுக்காதீக" என்றாள். வலியில்தான் பேசினீர்கள். பெரிய டாக்டருக்கு நீங்கள் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை. அதனால் ஸ்டெல்லாவின் சமாதானத்தை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நீங்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே. வெளியே வந்து மாதா கோவில் சுவரோரம் பஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை.

அடுத்த ஞாயிறு வர எனக்குப் பயமாக இருந்தது. டியூட்டி மாற்றிக்கொண்டு வராமல் இருந்துவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறு வந்தபோது உங்களுக்குப் பேச்சு நின்றிருந்தது. நான் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். எலும்பும் தோலுமாக இருந்த கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. வலி வருகிறபோது பிடி இறுகும், போகிறபோது தளரும். அப்படியே சாயங்காலம்வரை இருந்தோம். என்னிடம் ஊசி இல்லை, மருந்து இல்லை. கை மட்டும் இருந்தது.

கிளம்பும்போது ஸ்டெல்லா வாசல்வரை வந்தாள். "போன ஞாயித்துக்கெழம பேச்சு நல்லா இருந்துச்சுக்கா. வடுகபட்டி வந்துருச்சா, வடுகபட்டி வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாக" என்றாள்.

அந்த வாரமே போய்விட்டீர்கள்.

இப்போது நான் கம்பத்தில் அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். முடியில் நரை எட்டிப் பார்க்கிறது. வலிக்கான மருந்து இப்போதும் சுலபமாகக் கிடைப்பதில்லை. எழுதிக் கேட்டு, மறுபடி எழுதிக் கேட்டு, சில நேரம் வருகிறது. சண்டைக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன், ஆனால் சண்டை போடுகிற நேரத்தைவிடச் சோர்ந்து உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம் என்பது எனக்குத்தான் தெரியும்.

நீங்கள் எனக்காக வாயைத் திறந்த நாளை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். "ஒன்னாலதான்டி" என்று சொன்ன நாளை யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய கணவரிடம்கூட. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கீழே போட முடியவில்லை. போட வேண்டும் என்றும் இப்போதெல்லாம் தோன்றுவதில்லை. நீங்கள் என்னைத் தேடிய அந்த ஒரு ஞாயிறு நான் வராததை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் இருக்கிறேன்.

பெண்கள் வார்டில் ஒரு அம்மா நேற்றிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறார். ஊசி போட்டாயிற்று, சும்மா நடிக்கிறது என்று புதுசாக வந்த நர்ஸ் சொல்கிறாள். என் டியூட்டி முடிந்துவிட்டது. வீட்டில் உலை வைக்க வேண்டும், காலெல்லாம் கடுக்கிறது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன், பெரியம்மா.